பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

என் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வருமே, அந்த இடைவெளியில் தணிந்த குரலில் அவள் எதையோ சொல்வாள். ஒரு வார்த்தை கூடப் பிடிபடாது. குரல் ஏறும், இறங்கும், ஏதோ கேள்வி கேட்ட மாதிரி முடியும். அதற்குள் அடுத்த பாட்டு வந்து அவளை மூடிவிடும்.

அந்தக் குரலை ஒழித்தால்தான் என் மனைவி மறுபடி வண்டியில் ஏறுவாள் என்று நம்பினேன். அவள் ஏறாவிட்டால் எனக்கு வண்டியும் வேண்டாம், ஊர் சுற்றலும் வேண்டாம். அந்த வருஷம் நான் அடித்த எல்லாக் கூத்துக்கும் இது ஒன்றுதான் காரணம்.

புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் பதினெட்டு வருஷம் தறி ஓட்டியவன் நான். ஆலையில் வேலை குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு உழவர்கரையில் தண்ணீர் கேன் நிரப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆலையில் இருந்தவரை எனக்கு ஞாயிறு என்று ஒன்று தனியாக இருந்ததில்லை, ஷிஃப்ட்தான் இருந்தது. அந்தப் புது ஞாயிறை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பழைய புல்லட்டை வாங்கினேன்.

உண்மையில் அதை என் மனைவிக்காகத்தான் வாங்கினேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. முந்தின வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. குழந்தை பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்பது என் வைத்தியம். செஞ்சிக்கோட்டை, சிதம்பரம், திருவண்ணாமலை, ஒருமுறை வேளாங்கண்ணி வரைக்கும் போனோம். அவள் பின்னால் உட்கார்ந்து ஒரு கையை என் தோளில் வைத்துக்கொள்வாள். நான் பாட்டு போடுவேன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அது நல்ல மௌனம் என்றுதான் எனக்குப் பட்டது.

முதலில் கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் மட்டும்தான். பாட்டு வந்தது, வார்த்தை வரவில்லை. மேளம் கேட்டது, பாடுகிறவர் வாயில் எதையோ அடைத்துக்கொண்டு பாடுவது போல இருந்தது. உழவர்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வண்டிக்குப் பாட்டு வைப்பதில் கெட்டிக்காரன். அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவன் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேண்ணே இருக்குது?" என்றான்.

"இன்னாடா நல்லா இருக்குது? ஒரு வார்த்தை வெளங்குதா?"

"பவர் பத்தல போல. ஆம்ப்ளிஃபயர் போட்டா பிச்சிக்கும். பழசு ஒண்ணு இருக்குது, போட்டுடட்டுமா?"

போடச் சொன்னேன். காலுக்கு முன்னால் இருக்கிற கம்பியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், பின்பக்கப் பெட்டியில் இரண்டு, சீட்டுக்கு அடியில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர். இரண்டு நாள் உட்கார்ந்து வயர் இழுத்தான். ஸ்விட்சைப் போட்டதும் அது 'டிங் டாங்' என்று ஒரு மணி அடித்துவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கும். மணி எதற்கு என்று கேட்டேன். அது கூடவே வந்ததுண்ணே, இருந்துட்டுப் போவட்டும் என்றான்.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கோயில் தேரு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க, வடம் புடிக்க ஆளு வேணுமா?" என்றாள். ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த ஆம்ப்ளிஃபயர் வந்த பிறகுதான் அந்தப் பெண்ணைத் தெளிவாகக் கேட்டேன். முன்பும் அப்படி ஒரு சத்தம் இருந்ததாக இப்போது நினைக்கிறேன், காற்று என்று விட்டிருப்பேன். இப்போது பாட்டு நின்றதும், மெல்லிய 'ங்ஙீ' என்ற கொசு ரீங்காரம் ஒன்று, அதற்கு அடியில் அவள். வண்டியை நிறுத்திவிட்டுக் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டால் ரீங்காரம் மட்டும்தான் இருக்கும். ஓட்டத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் வந்துவிடுவாள்.

இதில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொண்டது. காலையில் தெருவில் வண்டியை எடுத்து 'டிங் டாங்' அடித்தால், வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பாட்டு வந்ததும் ஒரு மாதிரி முறைத்துவிட்டு உள்ளே போனார்கள். எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒருநாள் சட்டையைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா போயிட்டாங்க?"

"யாரும் போவலையே!"

"மணி அடிச்சுதே?"

நேராக மெக்கானிக்கிடம் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் முதலில் மழுப்பினான், பிறகு ஒத்துக்கொண்டான். அந்த ஆம்ப்ளிஃபயர் தெருத்தெருவாகச் சாவு சொல்கிற ஆட்டோவில் இருந்தது. மணி அடித்துவிட்டு, இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று சொல்லிக்கொண்டு போகும் ஆட்டோ. மைக்கில் பேசியது ஆட்டோக்காரருடைய சம்சாரம்.

"நல்ல கொரலுண்ணே அந்தம்மாவுக்கு. அது போய்ச் சேந்துடுச்சி. அதுக்கப்புறம் அவரு ஆட்டோவுல இதை வச்சிக்க மனசு வராம வித்துட்டாரு."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான் என் கதை. அவனை வாயில் வந்தபடி திட்டினேன். மணியை மட்டும் கழற்றச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயரையே கழற்றச் சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. ஆலைச் சங்கத்தில் கொடி பிடித்தவன், பேய் பிசாசு என்று பேசியவர்களையெல்லாம் கிண்டலடித்தவன், ஒரு இரும்புப் பெட்டிக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் உப்பளம், நல்ல வெயில், ரோட்டில் ஆளே இல்லை. அன்றைக்கு அந்தக் குரல் பாட்டுக்கு நடுவிலேயே வந்தது. இவ்வளவு நீளமாக அது பேசியதே இல்லை. என் பிடரி மயிர் நின்றுவிட்டது. என் கழுத்துக்குப் பக்கத்திலேயே அவள் இருக்கிற மாதிரி இருந்தது. பயத்தில் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அடங்கிவிட்டது.

டீக்கடையில் நிறுத்தியபோது என் மனைவி இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டீ வேண்டாம் என்றாள்.

"நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"உடம்பு முடியல."

"நான் மெதுவா ஓட்டுறேன், வா."

"இல்ல. இனிமே நான் வண்டியில வரல."

பாண்டிச்சேரி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் ஊர் வரைக்கும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே புல்லட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். பாட்டைப் போட்டுப் பார்த்தேன், நிறுத்திப் பார்த்தேன். ரீங்காரம் மட்டும் இருந்தது, அந்தக் குரல்காரி இல்லை. இவள் இறங்கியதும் அவளும் இறங்கிவிட்டாள். இவளோடு பஸ்ஸில் ஏறிவிட்டாளோ என்று நினைத்தபோது, வெயிலில் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

நினைத்தது சரியாகத்தான் போயிற்று. அதன்பிறகு வண்டியில் அந்தக் குரல் ஒருநாளும் வரவில்லை. வீட்டில் வர ஆரம்பித்தது.

கம்பெனியில் எனக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்கூட நடக்காது. கைகால் கழுவிவிட்டுக் கூடத்தில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் அது தொடங்கும். அதே தணிந்த குரல், அதே ஏற்ற இறக்கம், அதே பதில் வராத கேள்வி. வண்டியில் இருந்த அத்தனை ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றி, வயரை வெட்டி, ஒரு அரிசி கோணியில் போட்டுக் கட்டிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தேன். மறுநாளும் கேட்டது. எழுந்து கொட்டகைக்குப் போய்க் கோணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அங்கே சத்தம் குறைந்தது. வீட்டுக்குள் திரும்பி வந்தேன், கூடியது. கோணிக்கும் அதற்கும் இனிமேல் சம்பந்தமில்லை, அது வீட்டுக்குள் குடியேறிவிட்டது என்று புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருநாள் அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குப் போனேன். என் காலடிச் சத்தத்தில் மனைவி திரும்பினாள். குரல் டக்கென்று நின்றது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"இன்னாது?"

"ஒரு பொம்பள பேசற சத்தம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் கேக்கல. சோறு போடட்டா?" என்றாள்.

அவளைப் பார்த்தால் மட்டும் அது வாயை மூடிக்கொள்கிறது என்று நினைத்தேன். அவளைத்தான் அது பிடித்திருக்கிறது என்றும் நினைத்தேன். அவள் இளைத்திருந்தாள். கூடத்தில் என் பக்கத்தில் படுத்தவள், உள்ளறையில் தனியாகப் படுக்க ஆரம்பித்திருந்தாள். சோறு போடுவாள், துணி எடுத்து வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வந்து, யாரும் பார்க்காதபோது வாசல் நிலையில் கட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே அந்த நிலைமை.

கடைசியில் கோணியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். இதை அந்த ஆட்டோக்காரரிடமே கொண்டுபோய்க் கொடு, வேறு புதுசு போடு, என் மனைவியை மறுபடி வண்டியில் உட்கார வைக்கணும் என்று சொல்ல வேண்டும்.

அவன் ஒரு டேங்குக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பெயின்ட் நெடிக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துக் கர்ச்சீப் கட்டியிருந்தான். கோணியை அவன் முன்னால் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். புருவம் தூக்கினான், கையை நீட்டினான், கோணியைக் காட்டினான், தலையைச் சாய்த்தான். கர்ச்சீப் உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

ரீங்காரம் கேட்டது. அதற்கு அடியில் ஒரு குரல் கேட்டது. இந்த முறை ஆண் குரல்.

கடைக்கு வெளியே ரோட்டில் பஸ் போகிறது, ஆள் போகிறது. "டேய், வாயத் தொறந்து பேசுடா!" என்று கத்திவிட்டேன்.

அவன் கர்ச்சீப்பைக் கீழே இழுத்தான். "இவ்ளோ நேரம் பேசிக்கினுதானேண்ணே இருக்கேன்?" என்றான். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"இப்ப கேக்குது. மறுபடி அதை மேல ஏத்து."

ஏற்றினான். வார்த்தை போய்விட்டது. இறக்கினான், வந்தது. விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தான். மூன்றாவது தடவை கர்ச்சீப்பை ஏற்றி எதையோ சொல்லிவிட்டு, இறக்கி, "இப்ப நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டான். நான் முழித்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஸ்பீக்கர உட்டுடுண்ணே. போயி காதைக் காட்டு."

தறி ஷெட்டில் வேலை செய்யாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நூற்றுக்கணக்கான தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது காதுக்கு அங்கே வேலையில்லை. வந்த முதல் மாதத்திலேயே எல்லோரும் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொள்வோம். பத்துத் தறி தள்ளி நிற்பவன் முந்தின நாள் சாப்பிட்ட மீன் குழம்பைப் பற்றிச் சொல்வான், நான் சிரிப்பேன். பழகிவிட்டால் உதடு அசைவது குரலாகவே கேட்கும், அதில் சந்தேகமே வராது. முதுகுப் பக்கமிருந்து யாராவது தோளைத் தட்டிப் பேசினால் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவோம். தறியை விட்டுத் திரும்பினால் நூல் அறுந்துவிடும், விஷயம் என்னவென்று சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கொள்ளலாம். பதினெட்டு வருஷம் இப்படி இருந்ததில் என் காது எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஆலையை விட்டு வந்த பிறகும் எதிரே நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் எனக்கு நன்றாகத்தான் கேட்டார்கள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். நான் பட்டனை அழுத்தாமலேயே இருந்தேன். அத்தனை நேரம் அவள் திருகியதெல்லாம் சத்தம்தான் என்று உறைத்தபோது, அந்தப் பேய்க்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ரீங்காரம் காதுக்குள்ளேயே உண்டாவது. பேசுகிற சத்தம் எனக்குக் கொஞ்சம் விழும், ஆனால் அது வார்த்தையாக விழாது, முணுமுணுப்பாகத்தான் இருக்கும். முகத்தைப் பார்த்தால் மட்டுமே விளங்கும்.

"பொம்பள கொரலு ஒண்ணு கேக்குதுங்க," என்றேன். "முன்னாடி வண்டியில கேட்டுச்சி. இப்ப வீட்டுல மத்தியானத்துல கேக்குது."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் என் சம்சாரமும்தான்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்துகொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் அடுப்படி வாசல் வரைக்கும் போய் நின்றேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். கரண்டி பிடித்த கை அசையவில்லை, மற்ற கை அசைந்தது. பேச்சுக்கு ஏற்ற மாதிரி அவள் தோள் ஏறி இறங்கியது. செத்துப்போன ஒரு நல்ல பெண்மணியை நான் வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, என் மனைவியின் தோளைத் தொட்டேன். பதறித் திரும்பினாள்.

"யாருகிட்ட பேசிக்கினு இருக்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"உங்ககிட்டதான்," என்றாள். "மூஞ்சிக்கு நேரா கேக்கத் தைரியம் வரல. எப்பவும் அப்படித்தான் எனக்கு."

ஆஸ்பத்திரித் தாளைக் கொடுத்தேன். கர்ச்சீப்பைப் பற்றிச் சொன்னேன், கண்ணாடி அறையைப் பற்றிச் சொன்னேன். வண்டியில் நீ பேசிய எதுவுமே எனக்குக் கேட்டதில்லை என்றேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. குழம்பு பொங்கி வழிந்தது, அடுப்பை இரண்டு பேருமே அணைக்கவில்லை.

"மரக்காணத்துக்கு முன்னால, அந்த உப்பளத்துப் பக்கம், ரொம்ப நேரம் இன்னாவோ சொன்னியே. அது இன்னா?"

"அது கேக்கலயா உங்களுக்கு?"

"கேக்கல. என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் பழக்கத்தில் அடுப்புப் பக்கம் திரும்பப் போனாள். பிடித்து நிறுத்தினேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"புள்ள பெத்துத் தர முடியாதவளக் கட்டிக்கினோமே, வேற ஒருத்தியக் கட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு எப்பயாச்சும் தோணியிருக்கான்னு கேட்டேன். தோளத் தட்டி ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் நீங்க ஆமான்னு தலைய ஆட்டுனீங்க."